பெரிய கருவி ஒன்று வேண்டாம், சின்னது இருபது வேண்டும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்ட பழைய வேலூர் மாவட்டத்தில் பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் செயல்பாடுகள் நடத்தி வருகிறோம். நான், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர், ஒரு குட்டியானை வண்டி. வண்டியில் பிளாஸ்டிக் கிரேட்டுகளும் மடக்கு மேஜைகளும். இதுபோல நாங்களும் தொடங்கலாமா, என்ன வாங்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன வாங்கலாம் என்பதற்கு முன்னால் எத்தனை வாங்கலாம் என்று யோசியுங்கள். ஒரு கருவி நாற்பது பிள்ளைகளுக்கு என்றால் முன்வரிசைக்காரர்கள் பார்ப்பார்கள், பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களின் தலையைப் பார்ப்பார்கள். நாலு பிள்ளைக்கு ஒன்று என்றால்தான் கை படும். முடியைக் குத்திட்டு நிற்க வைக்கும் வான் டி கிராஃப் ஜெனரேட்டரை வாங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அந்தப் பணத்தில் இருபது செட் மோட்டார், இருபது லென்ஸ், இருபது நீர் சோதனைப் பெட்டி செய்துவிடலாம். செல்லையும் கம்பியையும் அவ்வப்போது மாற்றினால் அவை வருடக்கணக்கில் வரும்.

இதில் நாங்கள் முதல் ஆள் கிடையாது. கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965லேயே பேருந்தில் கண்காட்சியை ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் குப்பம் ஊரில் இருக்கும் அகஸ்தியா அறக்கட்டளையும் நடமாடும் ஆய்வகங்களை நடத்துகிறது. வேலூரில் மாவட்ட அறிவியல் மையமே இருக்கிறது. ஆனால் ஜவ்வாது மலையிலிருந்தோ பேர்ணாம்பட்டுக்கு உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்தோ ஒரு வகுப்பையே அங்கே அழைத்து வருவது ஒரு ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதும் தெரியும். வண்டி போக வேண்டியது அங்கேதான்.

பள்ளிக்குப் போனதும் முதல் பேச்சுவார்த்தை தலைமையாசிரியரோடு. "எல்லாப் பசங்களும் பார்க்கட்டும் சார். மைக் செட் இருக்கு, மரத்தடியில உட்கார வெச்சிடறோம்" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். நானூறு பேர் படிக்கும் பள்ளியில் நாற்பது பேருக்கு மட்டும் செய்துவிட்டுப் போனால் மற்ற பிள்ளைகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வது இது: "எல்லாரும் செய்யட்டும் சார். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எட்டாவது, ஒன்பதாவதுல இருபது பேரை மட்டும் எங்களுக்குக் குடுங்க."

அந்த இருபது பேர்தான் அன்றைய நிகழ்ச்சி. இரண்டிரண்டு பேராகப் பத்து மேஜை, ஒரு மேஜைக்கு ஒரே ஒரு செயல்பாடு, அதில் நாலு செட் பொருள். முதல் ஒரு மணி நேரத்தில் அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். எங்கே தவறும், தவறினால் எதைச் சரி பார்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. அதன் பிறகு வகுப்பு வகுப்பாக வந்து மேஜை மேஜையாகச் சுற்றுவார்கள். ஒரு மேஜைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு பிள்ளை பத்து மேஜையும் பார்க்க வேண்டும் என்ற கணக்கே வேண்டாம். நாலு மேஜையில் கை அழுக்கானால் போதும்.

அந்த இருபது பேரைத் தேர்வு செய்வதில்தான் கவனம் வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். பாதிப் பேர் கடைசி பெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பதில் முதலிலேயே தெரிந்திருக்கும், வந்தவனிடம் அதைச் சொல்லிவிடத் துடிக்கும். மெக்கானிக் கடையில் சித்தப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகிய பையன் முதலில் பொருளைக் கையில் கொடுப்பான். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு வார்த்தை பேசாத பையனை மோட்டார் மேஜையில் நிறுத்தினோம். அவன் அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். கம்பியின் இனாமலைச் சுரண்ட அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லித் தந்தான்.

இன்னொன்று, பையன்களும் பெண்களும் கலந்த குழுவில் பொருள் பையன்கள் கைக்குத்தான் போகும். பெண்களுக்கு நோட்டில் எழுதும் வேலை வந்து சேரும். அதனால் பெண்கள் குழு தனி, அவர்களுக்குத்தான் முதலில் பொருள். இதை எந்தப் பள்ளியிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த மோட்டார் மேஜையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1.5 வோல்ட் பெரிய செல் ஒன்று, சேஃப்டி பின் இரண்டு, ரப்பர் பேண்ட், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், ஒன்றரை மீட்டர் இனாமல் செம்புக் கம்பி. கம்பியைக் காயில் கட்டும் கடையில் எடைக்கு வாங்கலாம், மிச்சத் துண்டு என்றால் இன்னும் மலிவு. மற்றதெல்லாம் வேலூர் லாங்கு பஜாரைச் சுற்றி வந்தால் கிடைத்துவிடும். செல்லைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றி, இரண்டு முனையையும் எதிரெதிராக வெளியே நீட்டி, பின்களின் காதில் மாட்ட வேண்டும். ஒரு முனையில் இனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கம் மட்டும், பாதிதான்.

பிள்ளைகள் இரண்டையும் முழுக்கச் சுரண்டுவார்கள். சுரண்டட்டும், தடுக்காதீர்கள். சுருள் ஆடும், துடிக்கும், நின்றுவிடும். "சார், இது இன்னாத்துக்கு நிக்குது?" என்று கேட்ட பிறகுதான் பாதி சுரண்டிய சுருளைப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக் காட்ட வேண்டும். முழுக்கச் சுரண்டியதில் மின்சாரம் எப்போதும் ஓடும். முதல் அரைச் சுற்றில் காந்தம் எந்தப் பக்கம் தள்ளியதோ, அடுத்த அரைச் சுற்றில் அதற்கு எதிர்ப் பக்கம் தள்ளும். பாதி சுரண்டினால் அந்த இரண்டாவது பாதியில் மின்சாரம் அறுபடும், சுருள் தன் வேகத்திலேயே அதைத் தாண்டி வந்துவிடும். பாடப்புத்தகப் படத்தில் கம்யூட்டேட்டர் (சுருள் சுற்றச் சுற்ற மின்சாரத்தை மாற்றிவிடும் பகுதி) என்று மனப்பாடம் செய்ததை இங்கே உப்புத்தாளால் செய்கிறார்கள். சுற்றாமல் நின்றால் உடனே கழற்றச் சொல்லுங்கள், செல்லும் கம்பியும் சூடாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீர் மேஜை. பாலாற்றங்கரையில் இதைவிட நெருக்கமான அறிவியல் வேறு கிடையாது. முந்தைய நாளே சொல்லி அனுப்பிவிடுவோம், வீட்டிலிருந்து சின்ன பாட்டிலில் தண்ணீர், மேலே தெருப் பெயர், போரா கிணறா பஞ்சாயத்துக் குழாயா என்று ஒரு சீட்டு. கேன் தண்ணீரும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் நாங்கள் கொண்டு போவோம்.

கருவி மிக எளிது. 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, ஒரு வெள்ளை எல்இடி, இரண்டு பென்சில் குச்சி. குச்சிகளை ஒரு தெர்மாகோல் துண்டில் குத்திவிட்டால் இடைவெளியும் முங்கும் ஆழமும் மாறாது. ஒப்பிட வேண்டும் என்றால் இது முக்கியம். குச்சி இரண்டும் ஒட்டிக்கொண்டால் எல்இடி போய்விடாமல் காப்பாற்றத்தான் மின்தடை, அதைச் சேர்க்காமல் விடாதீர்கள். டிஸ்டில்ட் வாட்டரில் விளக்கு அனேகமாக எரியாது. கேன் தண்ணீரில் மினுக்கும். சில ஊர் போர் தண்ணீரில் பளிச்சென்று எரியும்.

பளிச் என்றால் எவ்வளவு? இங்கே மீட்டர் வாங்கத் தேவையில்லை. நோட்டுத் தாளைச் சின்னச் சின்ன சதுரமாக வெட்டி, விளக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். வெளிச்சம் மறையும்போது எத்தனை தாள் என்று எண்ணினால் அதுதான் அளவு. ஒரு தெருவுக்கு மூன்று, அடுத்த தெருவுக்கு ஒன்பது என்று பலகையில் ஏறும்போது பிள்ளைகள் தாங்களாகவே ஊர் வரைபடம் போட ஆரம்பித்துவிடுவார்கள். பேட்டரி இறங்க இறங்க எண்ணும் இறங்கும். அதனால் ஒரே பாட்டிலை முதலிலும் கடைசியிலும் அளந்து பார்க்க வேண்டும் என்ற யோசனை பல பள்ளிகளில் அவர்களிடமிருந்தே வந்திருக்கிறது.

இரண்டு விஷயத்தை இந்த மேஜையில் கட்டாயம் சொல்லிவிடுவோம். தண்ணீரில் ஏதோ கரைந்திருக்கிறது என்பதைத்தான் விளக்கு காட்டும். என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது, குடிக்கலாமா கூடாதா என்றும் அது சொல்லாது. அதனால் பக்கத்திலேயே குளியல் சோப்புக் கரைசலை வைத்திருப்போம். பாதி பாட்டில் தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். கடின நீரில் நுரை எழும்பாது. ஷாம்பூவும் துணி துவைக்கும் பவுடரும் கடின நீரிலும் நுரைக்கும், அவை இந்தச் சோதனைக்கு ஆகாது. விளக்கு பளிச்சென்று எரிந்து நுரையும் நன்றாக வரும் பாட்டில் ஒன்று எப்போதாவது வரும். அப்போது உப்பில் பல வகை உண்டு என்ற பேச்சு தானாகத் தொடங்கும்.

இன்னொன்று கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகள் "டேனரித் தண்ணி" என்று உடனே சொல்வார்கள். தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பிட்டுத்தான் அதைப் பதனிடும் டேனரிக்கு வருகிறது. அங்கே முதலில் ஊறவைத்து அலசும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். கசடை வடிகட்டினாலும் கரைந்த உப்பு போகாது, தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும். இந்த மாசு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு வேலூர்க்காரர்கள் போட்ட அந்த வழக்கு ஒரு காரணம். பெரிய வகுப்புக்கு இதைச் சொல்கிறோம். அதே நேரம் அந்த வகுப்பில் பாதிப் பேரின் அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். பிள்ளை வீட்டுச் சோற்றுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கூடாது. அளவை எடுப்போம், உப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்வோம், அதை எப்படிப் பிரிக்கலாம் என்ற கேள்வியில் நிறுத்திக்கொள்வோம். ஒரு தட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்துவிட்டால் மாலைக்குள் தட்டில் வெள்ளைப் படலம் பூத்திருக்கும். அதை அவர்களே சுரண்டிப் பார்க்கட்டும். வாயில் வைக்க விடாதீர்கள்.

நீர் மேஜைக்குக் கொஞ்சமாவது செலவு உண்டு, நிழல் குச்சிக்கு அதுவும் கிடையாது. ஒரு மீட்டர் பிவிசி பைப், ஒரு பலகை, கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக் குண்டு. பைப் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். 11.30 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். எந்தப் புள்ளி பைப்புக்கு மிக அருகில் விழுகிறதோ அதுதான் உண்மையான நண்பகல், அந்தக் கோடுதான் வடக்கு தெற்கு.

12 மணிக்கு அது வராது. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கக்கோட்டுக்குக் கணக்கிடப்படுகிறது. வேலூர் அதற்கு மேற்கே சுமார் 79 டிகிரியில் இருப்பதால் சூரியன் பதிமூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதித்து உச்சிக்கு வரும். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஜூனில் 12.15 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12.28 வரை, நவம்பர் தொடக்கத்தில் 11.57க்கே. மாதம் ஒருமுறை குறித்துவைக்கும் பள்ளிக்கு இது வருடம் முழுக்க ஓடும் கதை.

பிள்ளைகளை உலுக்குவது ஜூன் மாத நிழல். வட அரைக்கோளத்தில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று படித்திருப்பார்கள். பள்ளி திறந்த ஜூனில் இங்கே அது தெற்கே விழும். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி, அப்போது சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கிறது. ஜூன் 21 வாக்கில் ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கே 18 சென்டிமீட்டர் நிழல். டிசம்பர் 21 வாக்கில் வடக்கே 74 சென்டிமீட்டர். நடுவே இரண்டு முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழல் குச்சியின் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும். ஆகஸ்ட்தான் பள்ளிகளுக்கு. மேகம் வரலாம், அதனால் 16ஆம் தேதியிலிருந்து 20 வரை தினமும் குறிக்கச் சொல்கிறோம். மதிய உணவு மணி அடிக்கும் நேரம் என்பதால் சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது. அவரும் வந்து பார்ப்பார்.

லென்ஸுக்குக் கண்ணாடிக் கடை போதும். +1 பவர் என்றால் குவியத் தூரம் ஒரு மீட்டர், +2 அரை மீட்டர், +4 கால் மீட்டர். கதவை மூடி ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, +4 லென்ஸைக் கால் மீட்டர் முன்னால் பிடித்தால் வெளியே இருக்கும் வேப்பமரம் தலைகீழாக, நிறத்தோடு, கிளை ஆட ஆடத் தாளில் விழும். வெளியே ஒருவனைக் குதிக்கச் சொல்லுங்கள், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் மேஜைக்காரர்கள் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லியே ஆக வேண்டும். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் இதைச் செய்யும்போது அதே மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தைப் பற்றிப் பேசுவோம். 1986இலிருந்து அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது, இந்திய வானியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான வைனு பாப்புவின் பெயரில். தங்கள் மலையின் இருட்டைத் தேடித்தான் அது அங்கே வந்தது என்று அறியும்போது அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நிலைமின்னியலை மழைக்காலத்துக்கு வைக்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம், தேய்த்த மின்னூட்டம் நிற்காது. ஜனவரிக்கு மேல் பிரமாதமாக வேலை செய்யும். பலூனைத் தலையில் தேய்ப்பதும் நம் பிள்ளைகளிடம் சரியாக வராது, தலையில் தேங்காய் எண்ணெய். பிவிசி பைப்பும் பாலியஸ்டர் துணியும் கொண்டு போங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு மஞ்சள் தூளைக் கரைத்துத் தடவிய தாள் போதும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது அவர்கள் வீட்டிலேயே பார்த்தது. சோப்புத் தண்ணீரில் சிவந்த தாளைப் புளித் தண்ணீர் மறுபடி மஞ்சளாக்கும் என்பது புதுசு. காற்றழுத்தத்துக்குக் கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் இரண்டு, ஹார்டுவேர் கடையில் புதிதாக வாங்கியது. விளிம்பை ஈரமாக்கி ஒன்றோடு ஒன்று அழுத்தி, பக்கத்துக்கு ஒருவராக இழுக்கச் சொன்னால் போதும். உருது வழிப் பள்ளிகளிலும், ஆந்திர எல்லையோரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளிடமும் எங்கள் பேச்சு குறைவு. மேஜையில் நிற்பது அவர்கள் பள்ளிப் பிள்ளைகளே என்பதால் அங்கேயும் குறை வருவதில்லை.

தண்ணீர் ராக்கெட் வைத்திருந்தால் அதைக் கடைசியில் மட்டும் விடுங்கள். அது ஒருமுறை மேலே போன பிறகு எந்தப் பிள்ளையையும் மேஜைக்குத் திருப்பிக் கூட்டி வர முடியாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்குப் பின்னால் எல்லாரும். பாட்டிலுக்கு நேர் மேலே யாரும் குனியக் கூடாது. சைக்கிள் பம்ப்பை நீளக் குழாயோடு வைத்துக்கொள்ளுங்கள். அமிலம், பட்டாசு மருந்து, ஸ்பிரிட் எதுவும் எங்கள் வண்டியில் ஏறாது. முடிந்தவரை மின் இணைப்பையும் கேட்பதில்லை. கரண்ட் போனாலும் பிளக் பாயிண்ட் ஆடினாலும் எங்கள் வேலை நிற்காது.

அனுமதிக்கு முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, நகலைப் பள்ளிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு முந்தைய வாரங்களைத் தொடாதீர்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கு எல்லாரும் கூப்பிடுவார்கள். அன்று ஒரு பள்ளிதான் முடியும், மற்றவர்களிடம் ஜூலையில் வருகிறோம் என்று இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். தனியார் பள்ளிகளிடம் கட்டணம் வாங்குகிறோம், அதில் அரசுப் பள்ளிகளுக்கான டீசலும் செல்லும் ஓடுகிறது.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குக் கருத்தாளர்கள் பையோடு பள்ளிக்கே வருகிறார்கள். அதை வரவேற்கிறோம். அவர்கள் வரும் பள்ளியில் முதலில் அவர்களிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் உட்கார்ந்து பேசி, எதைச் செய்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு மற்றதை எடுத்துப் போகிறோம். நிகழ்ச்சி நேரத்தில் ஆசிரியரை ஸ்டாஃப் ரூமில் விடக் கூடாது. ஒரு மேஜை அவருடையது.

கிளம்பும்போது ஒரு கிரேட்டை அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். நாலு மோட்டார் செட், நாலு நீர் சோதனைப் பெட்டி, நாலு லென்ஸ், மூடியின் உள்பக்கம் எந்தப் பொருள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதிய தாள். சாவி ஆசிரியரிடம் ஒன்று, மேஜையில் நின்ற இருபது பேரில் ஒருவரிடம் ஒன்று. பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம், வகுப்பறை ஜன்னல் ஓரம் வைக்கச் சொல்கிறோம். அடுத்த முறை போகும்போது பெட்டியில் என்ன காணாமல் போயிருக்கிறது, என்ன தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். உப்புத்தாள் தீர்ந்து, கம்பி குறைந்து, செல் இறங்கியிருந்தால் அந்தப் பள்ளிக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டு புது மேஜைகளை இறக்குகிறோம். பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தால் அன்று பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி கிடையாது, ஆசிரியர்களோடு மட்டும் உட்கார்ந்து அந்த நாலு மோட்டாரையும் சுரண்டுகிறோம்.